சத்தியேந்திரநாத் போஸ்

பௌதிகம் பயில்வோர் நாள்தோறும் வழங்கும் போஸான் என்னும் சொல்லுக்குத் தம் பெயரை ஈந்தவர் நம் நாட்டு ஆசிரியர் ஒருவர். அப்பெரியாரின் சரிதையை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

சத்தியேந்திரநாதர் 1894-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். ஆங்குள்ள பிரஸிடென்ஸிக் கலாசாலையில் ஜகதீச சந்திர போஸ் முதலியோரிடம் பயின்றார், 1915-இல் எம்.எஸ்ஸி. பரீக்ஷையில் முதல்வராகத் தேறினார். 1921-இல் டாக்கா சர்வகலாசாலையில் ஆசிரியராய் அமர்ந்தார்.

கதிர்வீச்சைக் குறித்த பிளாங்கின் விதியை மாணவர்க்குக் கற்பிக்குங்கால், அதற்கு அதுகாறும் கூறப்பட்ட நிரூபணங்கள் அவருக்கு நிறைவளித்தில. ஒளித்துகள்களைத் தனித்தனியே அடையாளமிட்டு எண்ணாது, ஒவ்வொரு நிலையிலும் எத்தனை உள என்று மட்டும் எண்ணின் அவ்விதி தானே விளைதலைக் கண்டார். இரண்டு காசுகளை இரண்டு பெட்டிகளில் இடும் வகைகள், காசுகளைப் பிரித்தறியின் நான்கு, பிரித்தறியாவிடின் மூன்றே. இச்சிறு வேற்றுமையே புதிய கணக்கின் உயிர்நிலை.

டாக்டர் பட்டம் பெறாத அவ்விளைஞர் 1924 ஜூன் மாதத்தில் தம் கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு நேரே அனுப்பினார். அவ்வறிஞர் அதனைத் தாமே ஜெர்மன் மொழியிற் பெயர்த்து வெளியிடுவித்தார். பின்னர் அக்கணக்கை அணுக்களாலாகிய வாயுவுக்கும் விரித்து, மிகக் குளிர்ந்தவிடத்து அணுக்கள் பல ஒரே நிலையில் வந்து சேரும் எனக் காட்டினார்.

அக்குளிர் எத்தகையது? வத்தலக்குண்டினின்று கோடைக்கானலுக்கு ஏறுவோர் அம்மலைக்குளிருக்கே போர்வை தேடுவர். இவ்வாயு வேண்டுவதோ, குளிரின் இறுதி எல்லைக்கு மேல் ஒரு டிகிரியைக் கோடி கூறிட்டு அவற்றுள் இரண்டு கூறினும் குறைந்த வெப்பம். 1995-இல் அமெரிக்காவிலுள்ள போல்டர் நகரில் கார்னெலும் வீமனும் ருபீடிய அணுக்களைக் கொண்டு இந்நிலையை முதன்முதல் எய்துவித்தனர்.

அப்பொழுது அணுக்களின் அலைகள், பாடுவோர் பலர் ஓர் எடுப்பிற் சேர்ந்தாற்போல ஒன்றுகின்றன. தொடங்குமுன் எவ்வெடுப்பும் ஒப்பே. ஒன்றைக் கொண்டபின் அச்சமச்சீர் குலைகின்றது. வாயுவைச் சடுதியிற் குளிர்விப்பின், பகுதிதோறும் வெவ்வேறு எடுப்புக் கொள்ளும். அவை இசையாவிடத்துச் சிறு சுழிகள் பிறக்கும். எப்புறம் வாரினும் நீங்காத உச்சிச் சுழிபோல, அவை எளிதில் நீங்கா. விளிம்பை அடைந்தோ எதிர்ச்சுழியொடு கூடியோ அழியும்.

இவற்றைக் காணப் போஸ் இருந்திலர். 1974 பிப்ரவரி 4-ஆம் நாள் காலமானார். நோபல் பரிசும் அவரை அடைந்திலது. கல்கத்தாவுக்கு மீண்ட பின், 1948-இல் வங்காளி மொழியில் விஞ்ஞானம் பரப்பச் சங்கம் ஒன்று நிறுவினார். தமக்குத் தெளியாததைத் தெளிந்ததாகக் கொண்டு மாணவர்க்கு உரைக்க இசையாத நேர்மையே அவர் பெருமைக்கு வித்து. கற்பிப்போரும் கற்போருமாகிய நாம் அதனைக் கைக்கொள்வோமாக.