ஊரைவிட்டு துரத்தப்பட்ட பெண்... அதே ஊரை ஆண்ட எள்ளுப்பேரன்! யார் இந்த ஆன் ஹட்சின்சன்?

அமெரிக்காவில் குடியேறிய ஆரம்பகால ஆங்கிலேயப் பெண்களில் இன்றுவரை அதிகம் பேசப்படுபவர் ஆன் ஹட்சின்சன். 15 பிள்ளைகளின் தாய். பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. வீட்டுக் கூடத்தில் பெண்களோடு பைபிள் பேசியதற்காக 1637-ல் ஒரு காலனி அரசே இவரை விசாரித்து, எல்லையைவிட்டு வெளியே அனுப்பியது.

ஆனால், இது ஒரு தனி மனுஷியின் கதை மட்டும் இல்லை. இவருடைய அப்பா சர்ச்சை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர். தங்கை சாட்டையடி வாங்கியவர். எள்ளுப்பேரனோ, இவரை விரட்டிய அதே மாசசூசெட்ஸுக்கு கவர்னர் ஆனவர். நான்கு தலைமுறை தாண்டியும் அதிகாரத்தோடு மோதிக்கொண்டே இருந்த இந்தக் குடும்பத்தின் கதை என்ன?

அப்பா நடத்திய பாடம்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் உள்ள ஆல்ஃபோர்ட் என்ற சின்ன ஊரில் 1591-ல் பிறந்தவர் ஆன். அப்பா பிரான்சிஸ் மார்பரி ஒரு போதகர். அம்மா பிரிட்ஜெட், பின்னாளில் கவிஞர் ஜான் டிரைடன் பிறந்த டிரைடன் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

சரியான படிப்பே இல்லாதவர்களை எல்லாம் பிஷப்புகள் போதகர் ஆக்குகிறார்கள் என்பதுதான் மார்பரியின் குற்றச்சாட்டு. இதைச் சொன்னதற்காக 1578-ல் லண்டன் பிஷப் முன்பு விசாரணை நடந்தது. மார்பரிக்கு ஜெயில். அப்போதும் அவர் சும்மா இருக்கவில்லை. விசாரணையில் யார் என்ன கேட்டார்கள், தான் என்ன பதில் சொன்னேன் என்பதை நினைவிலிருந்து எழுதி வைத்தார். அதில் பிஷப் கோபக்காரராகவும், தான் சாமர்த்தியசாலியாகவும் தெரியும்படி எழுதினார்.

ஆன் பிறந்த சமயத்தில் மார்பரிக்குப் பிரசங்கம் செய்யவே தடை. வீட்டில் இருந்த அப்பாதான் பிள்ளைகளுக்கு வாத்தியார். பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலத்தில், ஆன் வீட்டிலேயே எழுதப் படிக்கக் கற்றார். பைபிளோடு சேர்த்து, அப்பாவின் விசாரணைக் குறிப்புகளும் அந்த வீட்டில் பாடமாக இருந்தன.

கல்யாணம், கடல் பயணம்

1612-ல், அப்பா இறந்த மறு வருஷம், ஆல்ஃபோர்டைச் சேர்ந்த ஜவுளி வியாபாரி வில்லியம் ஹட்சின்சனை லண்டனில் கல்யாணம் செய்தார் ஆன். பிறகு சொந்த ஊருக்கே திரும்பினார்கள். வசதியான குடும்பம். பிள்ளைகள் அடுத்தடுத்து பிறந்தார்கள். 1630-ல் இரண்டு மகள்கள் இறந்துபோனார்கள்.

அந்தக் காலகட்டத்தில் ஆன் மனதில் ஆழமாகப் பதிந்தவர் போதகர் ஜான் காட்டன். லிங்கன்ஷயரில் உள்ள பாஸ்டன் நகரத்தில் இருந்தார். அவருடைய பிரசங்கத்தைக் கேட்க, சுமார் 35 கிலோமீட்டர் பயணம் செய்து போவார்கள் ஆனும் வில்லியமும். கடவுளின் கிருபையால்தான் மனிதனுக்கு இரட்சிப்பு, வெளியே காட்டும் நல்ல நடத்தையால் அதைச் சம்பாதிக்க முடியாது என்பதே காட்டன் அழுத்திச் சொன்ன விஷயம்.

அரசு நெருக்கடி கொடுத்ததால் 1633-ல் காட்டன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஹட்சின்சன் வீட்டு மூத்த மகன் எட்வர்டும் அதே கப்பலில் போனார். அடுத்த வருஷமே மொத்தக் குடும்பமும் கிளம்பியது. 1634 செப்டம்பரில் மாசசூசெட்ஸ் காலனியில் இருந்த புது பாஸ்டனில் வந்து இறங்கினார்கள். காலனியின் முக்கியத் தலைவர் ஜான் வின்த்ராப் வீட்டுக்கு எதிரேதான் இவர்கள் வீடு.

கூடத்தில் ஆரம்பித்த புயல்

மருத்துவச்சி என்பதால் ஊரில் எல்லா வீட்டுக்குள்ளும் ஆனுக்கு வழி இருந்தது. பிரசவம் பார்க்கப் போன இடத்தில் பெண்களோடு பேசுவார். பிறகு வாரா வாரம் தன் வீட்டில் பெண்களைக் கூட்டி, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கூட்டம் பெருகியது. ஆண்களும் வந்தார்கள். 1636-ல் கவர்னராக இருந்த இளைஞர் ஹென்றி வேனும் இவர் பக்கம்தான்.

இதில் அரசுக்கு என்ன பிரச்சினை? காட்டனையும், தன் கணவரின் சகோதரியைக் கல்யாணம் செய்திருந்த போதகர் ஜான் வீல்ரைட்டையும் தவிர, மற்ற போதகர்கள் கிருபையை விட்டுவிட்டு நல்ல நடத்தையையே போதிக்கிறார்கள் என்றார் ஆன். சர்ச்சும் அரசும் கைகோர்த்து நடந்த காலனியில், போதகர்களைக் குறை சொல்வது ஆட்சியையே குறை சொல்வதாகப் பார்க்கப்பட்டது. அதையும் ஒரு பெண் சொன்னது அவர்களுக்கு இன்னும் பெரிய குற்றம்.

1637 மே மாதம் வின்த்ராப் மறுபடி கவர்னர் ஆனார். காற்று திசை மாறியது. முதலில் வீல்ரைட் வெளியேற்றப்பட்டார். நவம்பரில் ஆன் விசாரணைக்கு வந்தார்.

46 வயசு. வக்கீல் கிடையாது. குற்றம் சாட்டியவரும் தீர்ப்பு சொன்னவரும் ஒரே ஆள், வின்த்ராப். முதல் நாள் முழுக்க ஆனை மடக்கவே முடியவில்லை. கேள்விக்குக் கேள்வி, வசனத்துக்கு வசனம் என்று பதில் கொடுத்தார். இரண்டாவது நாள், போதகர்கள் சத்தியம் செய்து சாட்சி சொல்லட்டும் என்று கேட்டு நெருக்கடி கொடுத்தார். ஆனால், கடவுள் தனக்கு நேரடியாகவே வெளிப்படுத்துகிறார் என்று அவராகவே சொன்னதும் எல்லாம் தலைகீழானது. பைபிளுக்கு வெளியே கடவுள் ஒருவரிடம் நேரடியாகப் பேசுவார் என்பதை அந்தச் சபை ஏற்காது. அதையே பிடித்துக்கொண்டு ஊர்விலக்கு தீர்ப்பு கொடுத்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. பாஸ்டனில் ஆனின் தரப்பைச் சேர்ந்த 58 ஆண்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. குளிர்காலம் முழுக்க வேறொருவர் வீட்டில் ஆன் காவலில் இருந்தார். 1638 மார்ச்சில் சர்ச் விசாரணை. மகன் எட்வர்டும், மருமகன் தாமஸ் சாவேஜும் சபையில் எழுந்து ஆட்சேபித்தார்கள். அவர்களுக்கும் கண்டனம் கிடைத்தது. எந்த காட்டனை நம்பிக் கடல் கடந்தாரோ, அதே காட்டனும் எதிராகத் திரும்பினார். ஆன் சபையிலிருந்து நீக்கப்பட்டார். வெளியே நடந்தபோது கைகோர்த்து உடன் நடந்தவர் மேரி டயர் என்ற தோழி.

துரத்திய துயரம்

வில்லியமும் ஆதரவாளர்களும் இன்றைய ரோட் ஐலண்ட் பகுதியில் போர்ட்ஸ்மவுத் என்ற ஊரை உருவாக்கினார்கள். அங்கே போன பிறகு ஆனுக்குக் கரு கலைந்தது. அதைக் கடவுள் கொடுத்த தண்டனை என்று ஊர் ஊராகப் பரப்பினார் வின்த்ராப்.

1640-ல் பாஸ்டன் சபை ஆள் அனுப்பி வில்லியமிடம் பேசியது. சபையைவிட மனைவியோடுதான் தனக்குப் பிணைப்பு அதிகம் என்று சொல்லி அனுப்பிவிட்டார் அவர். அடுத்த வருஷமே வில்லியம் காலமானார்.

மாசசூசெட்ஸ் ரோட் ஐலண்டையும் பிடித்துவிடுமோ என்ற பயத்தில், 1642-ல் சின்னப் பிள்ளைகளோடு டச்சுக்காரர்களின் காலனிக்கு நகர்ந்தார் ஆன். இன்றைய நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி அது. ஆனால், அங்கே வேறொரு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. 1643 பிப்ரவரியில் டச்சு கவர்னர் வில்லம் கீஃப்ட் உத்தரவில் பூர்வகுடிகள் பலர் தூக்கத்திலேயே கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழிவாங்கும் தாக்குதல்கள் தொடர்ந்தன. ஆகஸ்ட்டில் சிவனாய் மக்கள் தாக்கியதில் ஆனும், உடன் இருந்த பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். கீஃப்ட் செய்த படுகொலைக்கும் இந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால், பறிபோன அந்த மண்ணில்தான் அவர்கள் வீடு நின்றது.

தப்பியது ஒரே ஒரு மகள், 9 வயசு சூசன்னா.

மிச்சமிருந்த குடும்பம் என்ன ஆனது?

• சூசன்னா: சிவனாய் மக்களிடம் சில வருஷங்கள் வளர்ந்து, பிறகு உறவினர்களிடம் திரும்பினார். 1651-ல் பாஸ்டனில் ஜான் கோல் என்பவரைக் கல்யாணம் செய்தார்.

• தங்கை கேத்தரின்: குவேக்கர் மதப்பிரிவில் சேர்ந்தார். குவேக்கர்களின் காதை அறுத்த தண்டனையைக் கண்டித்ததற்காக 1658-ல் பாஸ்டனில் சாட்டையடி வாங்கினார். அன்று கைகோர்த்து நடந்த மேரி டயரும் குவேக்கர் ஆகி, 1660-ல் அதே ஊரில் தூக்கிலிடப்பட்டார்.

• மகன் எட்வர்ட்: பாஸ்டனுக்கே திரும்பி, சட்டமன்ற உறுப்பினர் ஆனார். குவேக்கர்களுக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் 1658-ல் வந்தபோது, தன் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொன்ன இருவரில் ஒருவர். 1675-ல் பூர்வகுடிகளுடனான போரில் காயப்பட்டு இறந்தார்.

எட்வர்டின் வழியில் வந்தவர்தான் ஆனின் எள்ளுப்பேரன் தாமஸ் ஹட்சின்சன்.

கவர்னர் ஆன எள்ளுப்பேரன்

இந்த முறை ஹட்சின்சன் குடும்பம் அதிகாரத்தின் நாற்காலியில் இருந்தது. 1765-ல், முத்திரைத்தாள் வரியை இவர் ஆதரிக்கிறார் என்று நினைத்த கூட்டம் பாஸ்டனில் இவர் வீட்டைச் சூறையாடியது. 1773-ல் கிழக்கிந்திய கம்பெனியின் தேயிலையைக் கடலில் கொட்டிய புகழ்பெற்ற சம்பவம் நடந்தபோது கவர்னர் இவர்தான். தேயிலையை விற்க நியமிக்கப்பட்டவர்களில் இவருடைய மகன்களும் இருந்தார்கள். அடுத்த வருஷம் இங்கிலாந்துக்குப் போனவர், சொந்த ஊருக்குத் திரும்பாமலே 1780-ல் இறந்தார்.

ஆனால், பாட்டிக்கு ஒரு பெரிய உதவி செய்துவிட்டுத்தான் போனார். தாமஸ் ஒரு வரலாற்று ஆசிரியரும்கூட. மாசசூசெட்ஸ் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். வீடு சூறையாடப்பட்டபோது இரண்டாம் பாகத்தின் கையெழுத்துப் பிரதி தெருவில் வீசப்பட்டு, பிறகு மீட்கப்பட்டது. 1767-ல் அது புத்தகமாக வந்தபோது, பின்னிணைப்பாக ஆனின் விசாரணைப் பதிவையும் அச்சிட்டார் தாமஸ்.

இன்று

1922-ல் பாஸ்டன் சட்டமன்றக் கட்டடத்துக்கு முன்னால் ஆனுக்குச் சிலை வைக்கப்பட்டது. பக்கத்திலேயே குட்டிப் பெண் சூசன்னா. நியூயார்க்கில் ஒரு ஆற்றுக்கும் நெடுஞ்சாலைக்கும் ஹட்சின்சன் பெயர். 1987-ல் மாசசூசெட்ஸ் கவர்னர் மைக்கேல் டுகாகிஸ், 350 வருஷத்துக்கு முந்தைய ஊர்விலக்கு தண்டனையை ரத்து செய்து மன்னிப்பு வழங்கினார். அமெரிக்க அதிபர்கள் ரூஸ்வெல்ட், இரண்டு புஷ்கள் என ஆனின் வம்சாவளி வெள்ளை மாளிகைவரை போயிருக்கிறது.

ஆன் கைப்பட எழுதிய ஒரு கடிதம்கூட இன்று நம்மிடம் இல்லை. அவர் எப்படி வாதாடினார் என்பது தெரிவதற்குக் காரணம் விசாரணைப் பதிவுகள்தான். அப்பா தன் விசாரணையை எழுதிவைத்து மகளுக்குப் பாடமாக்கினார். மகள் நின்ற விசாரணையை, அவரைத் துரத்திய அதே பதவி நாற்காலிக்குப் போன எள்ளுப்பேரன் அச்சில் ஏற்றினார்.