சுப்பிரமணியன் சந்திரசேகர்

சுப்பிரமணியன் சந்திரசேகர் (அக்டோபர் 19, 1910 - ஆகஸ்ட் 21, 1995) லாகூரில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த வானியற்பியலாளர் ஆவார். இவர் சி. வி. இராமனின் அண்ணன் மகன். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது, எரிபொருள் தீர்ந்த விண்மீன்களான வெண் குறுமீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டெனக் கணித்தார். இது சூரியனின் நிறையைப் போல் சுமார் 1.4 மடங்காகும். 1935இல் ஆர்தர் எடிங்டன் இதனை வெளிப்படையாக மறுத்தார். முழுமையாக ஏற்கப்படப் பல ஆண்டுகளாயின. 1937 முதல் சந்திரசேகர் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

பெருவிண்மீனின் இரும்புக் கருவம் இவ்வெல்லையை எட்டும்போது குலைந்து நியூட்ரான் விண்மீனாகக்கூடும். வலிய காந்தப்புலத்துடன் விரைந்து சுழலும் இளம் நியூட்ரான் விண்மீன்களில் இரும்பினும் கனமான தனிமங்களும் உயர் ஆற்றல் நியூட்ரினோக்களும் உருவாகலாம் எனக் கருதப்படுகிறது. 1983இல் இவர், விண்மீன்களில் தனிமங்கள் உருவாவதை ஆராய்ந்த வில்லியம் ஃபவுலருடன் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.