ஓமக்குளத்துத் துறவி

சிதம்பரத்தில் ஓமக்குளம் என்றோர் இடம் உண்டு. திருநாளைப்போவார் தீயில் மூழ்கி முனிவர் வடிவொடு எழுந்தது அங்கேதான் என்று மரபு சொல்லும். அந்த நந்தனைப் பாடாத கதாகாலட்சேபம் இல்லை. 1935-இலும் 1942-இலும் திரைப்படங்கள் அவன் கதையைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசென்றன. ஆயின் அப்பெயரைப் பாட்டிலிருந்தும் மேடையிலிருந்தும் எடுத்து ஒரு பள்ளிக்கூடத்திற்குச் சூட்டியவரைப் பற்றி நம்மில் பலர் அறியோம். அவர் சுவாமி சகஜானந்தர். நம் இலக்கிய வட்டத்தின் பத்தாமாண்டு மலரில் கவிஞர் ஒருவரை விடுத்து இவரை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. நந்தன் கதையை நாம் சுவைத்துப் படித்தோம். இவர் அதை வேலைக்குப் பயன்படுத்தினார்.

வட ஆர்க்காட்டில் ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரின் சேரியில் 1890 சனவரி 27-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. அந்நாளில் சேரியில் பிறப்பது என்பது யாது? தீண்டாமையை நாம் பெரும்பாலும் தொடுதல், காணுதல், நீர் மொண்டு குடித்தல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறோம். காலுக்குக் கீழே உள்ள மண்ணை நோக்குவதில்லை. மிராசு உரிமை நிலவிய ஊர்களில் சேரி அமைந்திருந்த மண்ணும் மிராசுதாரருக்கே உரியதென்று கருதப்பட்டது. பண்ணையாள் தன் கையால் சுவர் வைத்து, தான் கொணர்ந்த கீற்றால் கூரை வேய்ந்த குடிசையாயினும், அது நின்ற தரை பிறனுடையது. கூலி கூட்டிக் கேட்டவனையும், வேறு பண்ணைக்குச் செல்ல நினைத்தவனையும், வழக்கமான ஏவலை மறுத்தவனையும் அடிக்க வேண்டியதில்லை; மனையைக் காலிசெய் என்று சொன்னால் போதும். முனுசாமி பிறந்த மறு ஆண்டில் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனையில் உரிமையின்மையே அம்மக்களைப் பண்ணையோடு பிணைத்து வைக்கும் கயிறுகளுள் ஒன்று என்பதை அவ்வறிக்கை அரசின் கண்முன் வைத்தது. 1892-இல் பஞ்சமர்க்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. அவ்வாணைப்படி கிடைத்த நிலங்களே இன்றும் பஞ்சமி நிலம் என்னும் பெயரால் வழக்காடப்படுபவை. ஆணை பிறந்ததைப்போல் நிலம் நிலைத்திருந்தால் பின்வரும் வரலாற்றுக்கு இடமிருந்திராது.

சிறுவன் முனுசாமி திண்டிவனத்தில் அமெரிக்க மிஷன் பள்ளியில் பயின்றான். படிப்பில் முன்னின்ற அவனுக்குச் சிகாமணி என்னும் பெயரை அங்கே வழங்கியதாக அவர்தம் வரலாறு எழுதியோர் கூறுவர். மதம் மாற உடன்படாமையால் அங்கே படிப்பைத் தொடர இயலவில்லை என்றும் கூறுவர். பின்னர் குடும்பத்தோடு கோலார் தங்கவயலில் சில காலம் வாழ நேர்ந்தது. வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து கோலாருக்குச் சென்றோர் பல்லாயிரவர். சுரங்க வேலை கொடிது. மண்ணுக்கடியில் உயிரைப் பணயம் வைப்பது. ஆயினும் அங்கே கூலி காசாகக் கிடைத்தது. ஆண்டையின் மனையில் குடியிருக்கும் கட்டு இல்லை. ஊரை விட்டு ஓடினாலன்றி இக்கட்டினின்றும் விடுபட வழியில்லை என்பதை அவ்விளைஞர் கண்ணெதிரே கண்டிருத்தல் வேண்டும்.

ஓடிய இளைஞர் உள்ளம் துறவில் சென்றது. வியாசர்பாடி கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகளை அடைந்து மாணவரானார். கையையே உண்கலமாகக் கொண்டவர் என்பது அக்குருவின் பெயர்ப் பொருள். சகஜானந்தர் என்னும் துறவுப் பெயர் அமைந்ததும் அங்கேதான். தமிழும் வேதாந்தமும் சைவ நூல்களும் கற்று, 1910-இல் தம் இருபதாம் வயதில் சிதம்பரம் வந்து சேர்ந்தார். துறந்தவர்க்கு நிலம் எதற்கு என்று கேட்பது நம் மரபு. இவரோ துறந்த பின்னரே நிலம் தேடினார்.

அன்றைய சிதம்பரம் கல்விக்குப் புதிய ஊர் அன்று. ஆறுமுக நாவலர் 1864-இலேயே அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்தார். வடக்கே வடலூரில் பார்வதிபுரத்தார் மனமுவந்து அளித்த நிலத்தில் வள்ளலாரின் தருமசாலை 1867 முதல் அடுப்பு அணையாமல் இருந்தது. பின்னாளில் பல்கலைக்கழகமாக வளர்ந்த மீனாட்சி கல்லூரி தோன்ற இன்னும் பத்தாண்டு இருந்தது. இவற்றுக்கிடையே சேரிப் பிள்ளைகள் எங்கே படித்தனர் என்று தேடினால் விடை சுருக்கமானது. 1916-இல் சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். மீனாட்சி கல்லூரிக்கு நான்காண்டு மூத்தது அது. சிதம்பரத்தின் கல்வி வரலாற்றைப் பேசும் மேடைகள் இவ்வரிசையை மறந்துவிடுவது வழக்கம். அதனாலேயே இங்கு ஆண்டோடு குறிக்கிறேன்.

பள்ளி மட்டும் போதாது என்பதை அவர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். நாற்று நடவுக்கும் மாடு மேய்க்கவும் அழைக்கப்படும் பிள்ளை, ஆண்டையின் மனையிலிருந்து நாள்தோறும் பள்ளிக்கு வந்து திரும்புதல் நடவாத செயல். பிள்ளையை அனுப்பிய குற்றத்திற்குத் தகப்பன் மனையை இழக்க நேரலாம். ஆகவே பிள்ளைகள் தங்கி உண்டு பயில இடம் வேண்டியிருந்தது. அவ்விடம் யாரும் வெளியேறு என்று சொல்ல இயலாத சொந்த நிலமாகவும் இருத்தல் வேண்டும். பல சாதியினரிடத்தும் கொடை பெற்று, ஓமக்குளத்தை ஒட்டி நிலம் சேர்த்து, மடமும் பள்ளியும் விடுதியுமாக அவர் அமைத்தவை இந்தத் தேவையிலிருந்து பிறந்தவை. அப்பள்ளி இன்று அரசு மேல்நிலைப்பள்ளியாக நந்தனார் பெயரோடு விளங்குகிறது. பெண்களுக்கெனத் தனிப் பள்ளியும் உண்டு.

நந்தனார் என்னும் பெயரை ஏன் தேர்ந்தார் என்பது ஆராயத்தக்கது. நம்மிடையே குறைந்தது மூன்று நந்தர்கள் உளர். முதல்வர் சேக்கிழாருடையவர். கொள்ளிடம் வளம் செய்யும் ஆதனூர்ப் புலைப்பாடியைச் சேக்கிழார் கூரை, கோழி, நாய்க்குட்டி, குழந்தை என்று ஒவ்வொன்றாக நின்று நோக்கிப் பாடுகிறார். சோழப் பேரரசின் அமைச்சர் ஒருவர் சேரிக்குள் இத்துணை நேரம் நின்றது வியப்பே. அங்கு வாழும் நந்தனாருக்கு ஊரார் தொழிலுக்கென விட்ட நிலம் உண்டு. அதன் விளைவை உரிமையாகக் கொண்டு அவர் உண்கிறார். ஆண்டை என்று எவரும் அக்காப்பியத்தில் வந்து அவரைத் தடுப்பதில்லை. இரண்டாமவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் படைத்தவர். இவர் வேதியர் ஒருவரின் பண்ணையாள். தில்லை செல்ல விடை வேண்டுமாயின் நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையை முடித்தாக வேண்டும். இறைவன் அருளால் ஒரே இரவில் பயிர் விளைகிறது. ஏழு நூற்றாண்டு இடைவெளியில் நந்தனுடைய நிலம் எங்கே போயிற்று? துடவை உடையவர் அடிமை ஆளானது எப்போது? காப்பியத்தையும் கீர்த்தனையையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், நில வரலாறு எழுதுவோர் கல்வெட்டில் தேடுவதன் நிழல் இங்கே கிடைக்கிறது. மூன்றாமவர் அயோத்திதாசப் பண்டிதரின் நந்தன். அவன் பௌத்தனாகிய மன்னன், வஞ்சனையால் வீழ்த்தப்பட்டவன்.

அயோத்திதாசர் வழியில் சிந்தித்தவர்க்கு, தீயில் இறங்கிய நந்தனின் பெயரைச் சேரிப் பிள்ளைகளின் பள்ளிக்கு இடுவது உவப்பாக இராது. எரிந்தாலன்றி உள்ளே வர இயலாத ஒருவரை எடுத்துக்காட்டாக வைக்கலாமா என்னும் வினா நேர்மையானது. இன்றைய தலித் எழுத்தாளர் பலர் அதை எழுப்பியுள்ளனர். 1927-இல் சிதம்பரம் வந்த காந்தியடிகள் நந்தனைத் தன்னை வருத்தித் தடை கடந்த பெரியோராகப் போற்றினார். அந்தப் போற்றுதலும் இவ்வினாவைத் தீர்த்துவிடவில்லை. சகஜானந்தர் சைவத் துறவியாகவே இருந்தார். 1935-இல் இந்து சமயத்தை விட்டு நீங்குவேன் என்று அம்பேத்கர் அறிவித்தபோதும் அவர் அவ்வழி செல்லவில்லை. இந்த இடத்தில் அவரோடு முரண்படுவோர் பக்கம் வலுவான நியாயம் உண்டு என்றே நான் கருதுகிறேன். ஆயினும் ஓமக்குளத்தில் அவர் செய்தது வேறொன்று. தீயை நினைவூட்டிய இடத்தில் உலையேற்றிச் சோறு போட்டார், கரும்பலகை வைத்தார். பாரதியாரின் நந்தன் இழந்த நிலத்தை, சேக்கிழாரின் நந்தன் பெற்றிருந்த உரிமையை, மீட்டுப் பெயரோடு பதிவு செய்தார் என்று நான் கொள்வது மிகையாகாது.

1926-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அவர் உறுப்பினரானார். இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக மறையும்வரை சட்டமன்றத்தில் இருந்தார். அவர்தம் சட்டமன்ற உரைகளை ரவிக்குமார் தொகுத்து வெளியிட்ட பின்னரே இப்பகுதி வெளிச்சம் பெற்றது. காவியுடுத்த ஒருவர் அவையில் எழுந்து ஆன்மாவைப் பற்றியன்றிக் கல்வியையும் மனையையும் பற்றிப் பேசுவது அந்நாளில் புதுமை.

குடிமனைச் சிக்கல் அப்போது அரசின் கையில் எவ்வாறு இருந்தது என்பதைச் சிறிது விரித்துச் சொல்லல் வேண்டும். 1920 அளவில் தொழிலாளர் ஆணையர் என்னும் பதவி ஏற்படுத்தப்பட்டு, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மனை, கிணறு, பாதை, பள்ளி அமைக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊர்ப்புறங்களில் இன்றும் முதியோர் லேபர் பள்ளிக்கூடம் என்று சொல்வது அதன் எச்சம். தனியார் நிலத்தை மனைக்கு எடுக்க வேண்டுமாயின் மனு வேண்டும். மனு மேல் விசாரணை வேண்டும். விசாரிக்கும் கர்ணமும் மணியக்காரரும் பெரும்பாலும் நிலமுடைய சாதியினர்; எவர் நிலத்தை எடுக்க வேண்டுமோ அவர் உறவினராகவும் இருக்கலாம். பிறகு ஆட்சேபம், அளவை, விலை மதிப்பீடு. விலையின் பெரும்பகுதியைக் கூட்டுறவுச் சங்கத்தின் வழி குடியிருப்போரே தவணைகளாகச் செலுத்த வேண்டும். ஊர் நத்தத்தில் மேல்சாதியார் தொகை ஏதும் இன்றிக் குடியிருக்க, பண்ணைக் கூலி பெறுபவர் மட்டும் தம் காலடி மண்ணுக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகர் கடலூர். சிதம்பரம் வட்டத்துச் சேரியிலிருந்து ஆட்சியர் அலுவலகம் சென்று திரும்பும் நாளின் கூலியும் போகும். குடிசை பிரிக்கப்பட ஒரு காலைப்பொழுது போதும். கோப்பு நகர ஆண்டுகள் வேண்டும். அலட்சியம் என்று நாம் சொல்வது எவரோ ஓர் அதிகாரியின் கன்னெஞ்சம் மட்டுமன்று. இந்த இரு கால அளவைகளுக்கு இடையேயுள்ள தூரமும் ஆகும். சகஜானந்தரைப் போன்ற உறுப்பினர்கள் அவையில் வினா எழுப்பியதன் பயன், அந்தத் தூரத்தை அச்சில் பதித்து வைத்தமை.

1947-இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. நந்தன் எரிந்து நுழைந்த கோயிலுக்குள் நந்தன் குலத்தார் நடந்து செல்லலாம் என்றாயிற்று. தில்லைக்கு அருகிலேயே முப்பத்தேழு ஆண்டு தங்கியிருந்த துறவிக்கு அது பெருநாளாகவே இருந்திருக்கும். ஆயினும் கோயில் திறந்த அன்று மாலை, வழிபட்டுத் திரும்பியவர்கள் சென்று படுத்த தரை யாருடையது? நம் வரலாற்று நூல்கள் ஆலய நுழைவுக்கு ஒதுக்கும் பக்கங்களில் பத்தில் ஒன்றையும் குடிமனைக்கு ஒதுக்கவில்லை. கோயில் வாயிலில் நாடகம் உண்டு. வட்டாட்சியர் அலுவலக வாயிலில் இல்லை என்பது காரணமோ?

1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது தஞ்சை மாவட்டத்திற்கென இயற்றப்பட்டது. கொள்ளிடம் ஆறு இரு மாவட்டங்களுக்கும் எல்லை. தென்கரையில் பண்ணையாளுக்குச் சட்டம். வடகரையில் அதே நெல், அதே பண்ணை, அதே சேரி, சட்டம் இல்லை. சகஜானந்தரின் தொகுதி வடகரையில் இருந்தது. காட்டுமன்னார்கோயில் பகுதியிலிருந்து எழுந்த இளையபெருமாள் அதே ஆண்டில் நாடாளுமன்றம் சென்றார். தீண்டாமை குறித்து ஆராய 1965-இல் அமைக்கப்பட்ட குழுவுக்கு அவரே தலைவரானார். 1969-இல் அறிக்கை அளித்தார். ஒரே வட்டாரத்தினின்றும் முதலில் ஒரு துறவியும் அடுத்து ஓர் இளைஞரும் அவைகளுக்குச் சென்று ஒரே குறையைப் பேச நேர்ந்தமை, குறை தீராமல் இருந்ததைக் காட்டுகிறது.

சுவாமிகள் 1959 மே முதல் நாள் மறைந்தார். பண்ணைமனையில் குடியிருப்போரை வெளியேற்றுதலைத் தடுக்கும் குடியிருப்புப் பாதுகாப்புச் சட்டம் 1961-இல் வந்தது; அம்மனையை அவர்களுக்கே உடைமையாக்கும் சட்டம் 1971-இல் வந்தது. ஆதிதிராவிடர் நலத்திற்காக நிலம் எடுக்கும் தனிச் சட்டம் 1978-இல் வந்தது. சிதம்பரத்தில் அவருக்கு அரசு மணிமண்டபமும் எழுப்பியுள்ளது. கடலூர் மாவட்டச் சேரிகளிலிருந்து எம் வகுப்புக்கு வரும் மாணவியர் சிலரிடம் பேசுகையில், வீட்டில் பட்டா இருக்கிறது, மனை இன்னும் அளந்து காட்டப்படவில்லை என்கிறார்கள். ஏரிப் புறம்போக்கு என்றும் வாய்க்கால் புறம்போக்கு என்றும் அறிவிப்பு ஒட்டப்பட்டு, மாற்றிடம் காட்டும் முன்பே குடிசை எடுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களுள் உளர். அவர்களுள் ஒருத்தி நந்தனார் பெண்கள் பள்ளியில் படித்தவள். விடுதியில் தங்கிய ஆண்டுகளில்தான் தனக்கென ஒரு முகவரி இருந்ததாகச் சொன்னாள்.