தாய்மாரைக் காத்த தவம்: டாக்டர் ஜார்ஜ் பாப்பனிகொலாவு

கத்தியால் நோயை அறுத்தெறிந்து உயிர் காத்தவர்கள் உண்டு. அரிய மருந்துகளைக் கண்டுபிடித்து உயிர் காத்தவர்களும் உண்டு. இவ்விரண்டு வழியிலும் செல்லாமல், சிறியதொரு கண்ணாடித் தகட்டையும் ஒரு நுண்ணோக்கியையும் துணையாகக் கொண்டு எண்ணற்ற பெண்களைச் சாவின் பிடியிலிருந்து மீட்டவர் ஒருவர் இருந்தார். அவரே டாக்டர் ஜார்ஜ் பாப்பனிகொலாவு. கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் ‘பாப் பரிசோதனை’ இவர் பெயரின் முதற்பகுதியைத் தாங்கியே உலகெங்கும் வழங்குகிறது.

பிறப்பும் கல்வியும்

கிரேக்க நாட்டின் எவியா தீவில் கீமி என்றொரு கடலோரச் சிற்றூர் உண்டு. அங்கே 1883-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் ஜார்ஜ் பிறந்தார். தந்தையார் நிக்கோலாஸ் ஒரு மருத்துவர். மகனும் மருத்துவனாக வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ இசையிலும் தத்துவத்திலும் நாட்டம். எனினும் தந்தை சொல்லைத் தட்டாமல் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் பயின்று 1904-ல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

ஊரிலேயே தங்கி மருத்துவம் பார்த்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் உயிர்களின் அடிப்படை இரகசியங்களை ஆராய வேண்டும் என்ற வேட்கை அவரை ஜெர்மனிக்கு இட்டுச் சென்றது. குளத்து நீரில் வாழும் டாஃப்னியா என்னும் சிற்றுயிரில் ஆண், பெண் வேறுபாடு எவ்வாறு உண்டாகிறது என்பதை ஆராய்ந்து, 1910-ல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் இராணுவ அதிகாரியின் குடும்பத்தைச் சேர்ந்த ஆந்த்ரோமாகி என்னும் நங்கையை மணந்தார்.

புதிய நாட்டில் பட்ட பாடு

1912-ல் பால்கன் போர் மூண்டபோது ஜார்ஜ் இராணுவ மருத்துவராகப் பணியாற்றினார். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த கிரேக்கப் போர்வீரர்கள் வழியாக அந்நாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டார். 1913 அக்டோபரில் கணவனும் மனைவியும் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினர். கையில் சிறு தொகையே இருந்தது. ஆங்கிலமும் சரிவரத் தெரியாது.

இரண்டு பட்டங்கள் பெற்ற அறிஞர் ஒரு பெரிய கடையில் கம்பளம் விற்றார். உணவு விடுதியில் வயலின் வாசித்தார். கிரேக்கச் செய்தித்தாள் ஒன்றில் எழுத்தராக இருந்தார். செல்வ நிலையில் வளர்ந்த ஆந்த்ரோமாகி அதே கடையில் பொத்தான் தைத்தார். எந்த வேலையையும் இழிவாகக் கருதாத மனம் இருவருக்கும் இருந்தது. 1914-ல் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றியல் துறையில் ஜார்ஜுக்கு இடம் கிடைத்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அக்கல்லூரியே அவரது உலகமாயிற்று.

கினிப்பன்றிகள் காட்டிய வழி

அவர் தொடக்கத்தில் புற்றுநோயைத் தேடவே இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. கினிப்பன்றிகளின் கருமுட்டைகளை ஆராய்வதே அவர் பணி. முட்டை முதிரும் நாளை வெளியிலிருந்து அறிய வழியில்லாததால் பல விலங்குகளைக் கொன்று பார்க்க வேண்டியிருந்தது. இது வீண் அழிவு என்று அவர் எண்ணினார்.

மூக்கினுள் பார்ப்பதற்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் சிறு கருவி ஒன்றை வாங்கி வந்தார். அதன் உதவியால் விலங்கின் பிறப்புறுப்பிலிருந்து சிறிது நீரை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார். அங்கே உதிர்ந்து கிடந்த உயிரணுக்களின் வடிவம் நாளுக்கு நாள் மாறியது. ஏறக்குறைய 16 நாட்களில் மீண்டும் முதல் நிலைக்குத் திரும்பியது. விலங்கைக் கொல்லாமலேயே அதன் உள்ளுறுப்பின் நிலையை அறியும் வழி பிறந்துவிட்டது! பேராசிரியர் ஸ்டாக்கார்டுடன் சேர்ந்து 1917-ல் இதனை வெளியிட்டார்.

துணைவியின் துணை

விலங்குகளில் கண்டது மனிதரிடமும் உண்டா? இதனை அறியத் தொடர்ந்து பரிசோதனைக்கு உட்படும் ஒரு பெண் வேண்டும். அக்காலத்தில் இதற்கு யார் முன்வருவார்? ஆந்த்ரோமாகி முன்வந்தார். பகலில் கணவரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக உழைத்த அப்பெருமாட்டி, ஏறத்தாழ 20 ஆண்டுகள் தம்மையே ஆய்வுப் பொருளாகவும் அளித்தார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. வீட்டிலும் ஆய்வுக்கூடத்திலும் ஒருவருக்கொருவர் துணையாக இருந்து வாழ்ந்தனர்.

நலமுள்ள ஒரு பெண்ணின் உயிரணுக்கள் எப்படி இருக்கும் என்பது இவ்வாறு தெளிவாயிற்று. நல்லதை நன்கு அறிந்த கண்ணுக்குத்தானே கெட்டது உடனே புலப்படும்? 1925 முதல் மருத்துவமனைப் பெண்களின் தகடுகளையும் ஆராயத் தொடங்கினார். அவற்றுள் சிலவற்றில் உயிரணுக்கள் தாறுமாறான வடிவில் இருந்தன. அவற்றின் உட்கரு பெருத்தும் கறுத்தும் காணப்பட்டது. அவை புற்றுநோய் உயிரணுக்கள். அந்தக் காட்சியைத் தம் வாழ்வின் பெரும் அனுபவங்களுள் ஒன்றாக அவர் கருதினார்.

செவிசாய்க்காத உலகம்

1928-ல் அமெரிக்காவின் பேட்டில் கிரீக் நகரில் நடந்த மாநாட்டில் தம் கண்டுபிடிப்பை அறிவித்தார். ஏறக்குறைய அதே காலத்தில் ருமேனிய நாட்டு மருத்துவர் ஆரெல் பாபேஷும் தனியாக இவ்வுண்மையைக் கண்டிருந்தார். ஆயினும் மருத்துவ உலகம் பாராமுகமாகவே இருந்தது. சந்தேகம் உள்ள இடத்தில் சிறிது தசையை வெட்டி எடுத்துப் பார்த்தால் நோய் தெரிந்துவிடுமே, உதிர்ந்த உயிரணுக்களை ஏன் தேட வேண்டும் என்று பலர் எண்ணினர்.

ஆனால் வெட்டிப் பார்க்கும் அளவுக்குச் சந்தேகம் எழும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். இந்நோய் தொடக்கத்தில் வலி தராது, வெளியே தெரியாது. உயிரணு மாற்றம் முழுப் புற்றுநோயாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்த நீண்ட இடைவெளியில் நோயைக் கண்டுகொண்டால் எளிதில் குணப்படுத்தலாம். கண்டுகொள்ளாவிட்டால் ஒரு குடும்பம் தாயை இழக்கும். பாப்பனிகொலாவு கண்டுபிடித்தது அந்த இடைவெளியில் நுழைவதற்கான வாசலையே.

எதிர்ப்பைக் கண்டு அவர் சினந்து பூசலிடவில்லை. சோர்ந்து விலகவும் இல்லை. பத்தாண்டுகளுக்கு மேல் அமைதியாகத் தம் பணிகளைத் தொடர்ந்தார்.

வெற்றி

1939-ல் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஜோசப் ஹின்சி, ஆய்வை மீண்டும் தொடங்க ஊக்கமளித்தார். மகளிர் மருத்துவர் ஹெர்பர்ட் டிராட் தோள் கொடுத்தார். நியூயார்க் மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்கு வந்த பெண்கள் அனைவருக்கும் இப்பரிசோதனை செய்யப்பட்டது. நோயின் அறிகுறி சிறிதும் இல்லாத சில பெண்களிடமும் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1941-ல் கட்டுரையும் 1943-ல் நூலும் வெளிவந்தன. ஜப்பானில் பிறந்த ஓவியர் ஹஷிமே முராயாமா அந்நூலுக்கு உயிரணுக்களை நுணுக்கமாக வரைந்து தந்தார். உலகம் இம்முறை செவிசாய்த்தது.

தகட்டை உடனே சாராயக் கலவையில் இட்டுப் பின்னர்ப் பல சாயங்களை ஏற்றும் முறையையும் அவரே வகுத்தார். உட்கரு கருநீலமாகவும், சுற்றிலும் உள்ள பகுதி பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியும். இன்றும் ஆய்வுக்கூடங்களில் அச்சாயமுறை அவர் பெயராலேயே வழங்குகிறது.

நல்லாசிரியர்

கண்டுபிடித்தவர் ஒருவர் கண்ணால் மட்டும் உலகப் பெண்கள் அனைவரின் தகடுகளையும் பார்க்க முடியுமா? ஆகவே பிறர் கண்களைப் பழக்கும் பணியை அவர் மேற்கொண்டார். கார்னெல் கல்லூரியில் அவர் நடத்திய பயிற்சி வகுப்புகளுக்கு மருத்துவர்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து கற்றுச் சென்றனர். ஆயிரக்கணக்கான நல்ல உயிரணுக்களுக்கு நடுவே மறைந்திருக்கும் ஒரு கெட்ட அணுவைத் தவறவிடாமல் காண்பதே அவர் கற்பித்த பாடம். பயிற்சி பெற்று இத்துறையில் பணியாற்றியவர்களுள் பெண்கள் ஏராளம். 1954-ல் அவர் வெளியிட்ட பெரிய படத்தொகுப்பு நூல், அவரை நேரில் காணாதவர்களுக்கும் ஆசிரியராக விளங்கியது.

ஓய்வு என்பதை அவர் அதிகம் அறிந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமையிலும் தகடுகளைப் பார்ப்பார். 1950-ல் புகழ்பெற்ற லாஸ்கர் விருது கிடைத்தது. நோபல் பரிசு கிட்டவில்லை. 1961-ல் மியாமி நகரில் புற்றுநோய் ஆய்வு நிலையம் ஒன்றின் பொறுப்பை ஏற்றார். சில மாதங்களுக்குள், 1962 பிப்ரவரி 19-ஆம் நாள், மாரடைப்பால் காலமானார். அந்நிலையத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. கணவர் மறைந்த பின்னரும் அவர் பணிக்குத் துணைநின்ற ஆந்த்ரோமாகி 1982-ல் மறைந்தார். கிரேக்க நாடு தனது 10,000 டிராக்மா நோட்டில் அவர் உருவத்தைப் பொறித்துப் பெருமைப்படுத்தியது.

நமக்குரிய கடமை

பெண்களுக்கு முறையாகப் பரிசோதனை நடைபெறும் நாடுகளில் இந்நோயால் ஏற்படும் இறப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டது. இந்நோய்க்குக் காரணம் பாப்பிலோமா என்னும் வைரஸ் என்பதைக் கண்டறிந்த ஹரால்டு சுர் ஹவுசன் 2008-ல் நோபல் பரிசு பெற்றார். அந்த வைரசையே நேரடியாகக் கண்டறியும் சோதனையும் வந்துவிட்டது. 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி போட உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

ஆயினும் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நம் இந்தியாவில் மட்டும் ஓராண்டில் 1,20,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. வெட்கத்தாலும் அச்சத்தாலும், வீட்டு வேலை முடியட்டும் என்ற எண்ணத்தாலும் நம் தாய்மார் பலர் பரிசோதனையைத் தள்ளிப்போடுகின்றனர். வலி இல்லையே, எதற்கு மருத்துவமனை என்கின்றனர். வலி இல்லாத காலமே குணமாகும் காலம் என்பதைத்தான் பாப்பனிகொலாவு தம் வாழ்நாள் முழுவதும் எடுத்துக்காட்டினார்.

அன்புள்ள மாணவிகளே! 30 வயதைக் கடந்த உங்கள் அம்மா, சித்தி, அத்தை ஆகியோரிடம் இதனை எடுத்துச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் முடியும் சோதனை இது. நீங்கள் சொல்லும் ஒரு சொல் ஒரு தாயைக் காக்குமானால், அந்தப் பெரியார்க்கும் அவர்தம் துணைவியார்க்கும் நாம் செலுத்தும் நன்றி அதுவே.