ஈப்போவில் வாழ்ந்த முகக்கவரி மருத்துவர்

உறவுக்காரர் ஒருவர் பெரிய மருத்துவமனையில் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் நாம் என்ன செய்வோம்? வேன் பிடித்தாவது குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருவோம். கையில் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் போத்தலும் இருக்கும். ஆனால் வார்டு வாசலில் பாதுகாவலர் நிறுத்துவார். நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் பெரும்பாலும் மதியம் 12.30 முதல் 2.00 வரையும் மாலை 4.30 முதல் 7.00 வரையும்தான் பார்வையாளர் நேரம். கட்டிலுக்கு ஒரே நேரத்தில் இருவர்தான் நிற்கலாம். பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை விடமாட்டார்கள். உள்ளே போகுமுன் கைத்தூய்மியைத் தேய்த்துக்கொள்ள வேண்டும். இருமல் இருந்தால் முகக்கவரி அணிய வேண்டும். நோயாளியின் கட்டிலில் உட்காரக் கூடாது. அன்போடு வந்தவனை அதிகாரம் பண்ணுகிறார்களே என்று நம்மில் பலர் முணுமுணுப்பதுண்டு.

இந்த விதிகளில் சிலவற்றை உயிரைப் பணயம் வைத்து நடைமுறைப்படுத்திக் காட்டிய ஒருவர், நம் ஈப்போவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? லகாட்டில் பிறந்து வளர்ந்த எனக்கே தெரியாது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் அதன்பின் தேசியப் பள்ளியிலும் படித்தேன். அவர் பெயர் என் காதில் விழுந்ததில்லை. 2021 மார்ச் 10-ஆம் நாள், அவருடைய 142-ஆவது பிறந்தநாளன்று, கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வைத்தது. யார் இவர் என்று தேடியபோதுதான் நம் ஊர்க்காரர் என்று தெரிந்தது. அவர்தான் டாக்டர் வூ லியென் தே.

1879-ஆம் ஆண்டு பினாங்கில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தவர் அவர். பினாங்கு ஃபிரீ பள்ளியில் படித்து, 1896-இல் ராணியார் உபகாரச் சம்பளத்தை வென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சென்றார். அங்கு மருத்துவம் பயின்ற முதல் சீன மாணவர் அவரே. லிவர்பூல், பாரிஸ், ஜெர்மனி என்று கிருமி ஆய்வுக்கூடங்களில் பயிற்சி பெற்று 1903-இல் தாயகம் திரும்பினார். இவ்வளவு படித்தும் காலனித்துவ அரசாங்கத்தில் உயர் மருத்துவ அதிகாரி பதவி கிடைக்கவில்லை. அவை வெள்ளைக்காரர்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் சிறிது காலம் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். பிறகு பினாங்கு சூலியா தெருவில் சொந்தமாக மருந்தகம் திறந்தார். நம் தமிழ் முஸ்லிம் வணிகர்களால் பெயர்பெற்ற அதே தெருதான்.

அபினை எதிர்த்துப் போராடியதால் அங்கும் அவரை நிம்மதியாக இருக்கவிடவில்லை. 1906-இல் ஈப்போவில் நடந்த அபின் எதிர்ப்பு மாநாட்டை அவர் முன்னின்று நடத்தினார். அபின் வியாபாரத்தில் பணம் பார்த்தவர்களுக்கு இது பொறுக்குமா? மருந்தகத்தில் அபின் கலந்த மருந்து வைத்திருந்ததாக வழக்குப் போட்டு அபராதம் கட்ட வைத்தார்கள். மனம் வெறுத்த நேரத்தில் சீன அரசாங்கத்தின் அழைப்பு வந்தது. தியென்ஜின் நகரின் இராணுவ மருத்துவக் கல்லூரிக்குத் துணை இயக்குநராகப் போனார்.

1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் மக்கள் இருமி, இரத்தம் கக்கி, இரண்டொரு நாளில் மடியத் தொடங்கினார்கள். 31 வயது வூ அங்கு அனுப்பப்பட்டார். உடலை அறுத்துச் சோதிப்பது அன்றைய சீனத்தில் பெரும் பாவமாகக் கருதப்பட்டது. ஆனாலும் இறந்துபோன பெண் ஒருத்தியின் உடலை இரகசியமாகச் சோதித்து, நுண்ணோக்கியில் பிளேக் கிருமியைக் கண்டார். பிளேக் என்றால் எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் காரணம் என்பது அன்றைய மருத்துவ உலகின் நம்பிக்கை. இது எலியால் வந்ததல்ல, நுரையீரலைத் தாக்கி இருமலின் வழியே ஆளிலிருந்து ஆளுக்குத் தாவுகிறது என்று வூ சொன்னார்.

எனவே அவர் முகக்கவரியைக் கையில் எடுத்தார். அறுவை மருத்துவர்கள் சிலர் முன்பே துணி கட்டியதுண்டு. வூ செய்தது, மெல்லிய மருத்துவத் துணிக்கு நடுவே பஞ்சை வைத்து மடித்து, இரு முனைகளையும் கிழித்துத் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போடும் ஓர் எளிய கவரி. மலிவானது, யாரும் தைத்துக்கொள்ளலாம். மருத்துவர், தாதியர், பிணம் தூக்குவோர், நோயாளிகளோடு பழகுவோர் என அனைவரும் அணிய வேண்டும் என்றார்.

இதைக் கேட்டுச் சிரித்தவர்களில் ஒருவர் ஜெரால்ட் மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர். வயதிலும் பதவியிலும் மூத்தவர். ஒரு சீனன் எனக்குச் சொல்லித் தருவதா என்ற எண்ணம் அவருக்கு. அங்கி, கையுறை எல்லாம் அணிந்துகொண்டு, முகக்கவரி மட்டும் இல்லாமல் நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாள்களிலேயே, 1911 ஜனவரியில், அதே நோயால் இறந்தார். அதன் பிறகு ஹார்பினில் முகக்கவரியை யாரும் கேலி செய்யவில்லை.

வூ அதோடு நிற்கவில்லை. நோயாளிகளைத் தனியாகவும் அவர்களோடு பழகியவர்களைத் தனியாகவும் பிரித்தார். போதிய கட்டடம் இல்லாததால் 120 இரயில் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, பழகியவர்களை அவற்றில் தங்கவைத்து அன்றாடம் காய்ச்சல் பார்த்தார். வீடு வீடாகச் சோதனை நடந்தது, போக்குவரத்து தடுக்கப்பட்டது. இவற்றையெல்லாம் மக்கள் கைதட்டி வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். அதிகாரிகளுக்குப் பயந்து நோயாளிகளை மறைத்தார்கள். இறந்தவர்களை இரவோடு இரவாகத் தெருவில் போட்டார்கள். நம் தோட்டங்களில் மட்டும் என்ன வாழ்ந்தது? ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வருவதில்லை என்று பயந்து, காய்ச்சல்காரரை லயத்து வீட்டுக்குள்ளேயே மறைத்து வைத்த கதைகளைப் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வூ எடுத்த முடிவுகளில் மிகக் கடினமானது பிணங்களைப் பற்றியது. பனியில் உறைந்த தரையைத் தோண்ட முடியாமல் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் இடுகாட்டில் குவிந்து கிடந்தன. முன்னோரைப் புதைத்து வழிபடும் மக்களிடம் அவற்றை எரிக்கலாம் என்று எப்படிச் சொல்வது? பேரரசின் அனுமதி கேட்டுத் தந்தியடித்தார். அனுமதி வந்ததும், சீனப் புத்தாண்டை ஒட்டி, ஜனவரி 31 முதல் உடல்கள் எரிக்கப்பட்டன. அதன் பின் மரணங்கள் குறைந்துகொண்டே வந்தன. மார்ச் தொடக்கத்தில் ஹார்பினில் நோய் அடங்கியது. அதற்குள் மஞ்சூரியா முழுவதும் இறந்தவர்கள் ஏறத்தாழ 60,000 பேர்.

இந்தப் பகுதியைப் படித்தபோது என்னால் தாண்டிப் போக முடியவில்லை. 2021-இல் என் தாத்தா கோவிட் தொற்றால் மருத்துவமனையில் இறந்தார். பதினோரு நாள் யாரையும் உள்ளே விடவில்லை. அப்பா அன்றாடம் கஞ்சியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார். உடலைக் குளிப்பாட்டவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, தூர நின்று கும்பிட்டோம். எரிக்கச் சொன்னவர் மீது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அதே வார்டில் வேலை செய்த தாதி ஒருவர், முகக்கவரியின் கயிறு பதிந்து காதெல்லாம் புண்ணாகியிருந்த நிலையிலும், தன் கைப்பேசியைத் தாத்தாவின் காதருகே பிடித்து எங்களைப் பேசவைத்தார். வாசலை அடைத்தால் இப்படி ஒரு சன்னலையாவது திறந்துவைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஹார்பினில் நோயை எதிர்த்து வேலை செய்தவர்களிலேயே சுமார் 300 பேர் இறந்தார்கள் என்பதையும் நான் மறக்கவில்லை.

1911 ஏப்ரலில் முக்டன் நகரில் 11 நாடுகள் கலந்துகொண்ட பிளேக் மாநாட்டுக்கு வூ தலைமை தாங்கினார். பின்னர் மருத்துவமனைகள், துறைமுகத் தனிமைப்படுத்தும் சேவை, மருத்துவச் சங்கம் என்று சீனத்தில் அவர் அமைத்தவை பல. 1935-இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1937-இல் ஜப்பானியப் படையெடுப்பு நடந்தபோது மலாயா திரும்பி, ஈப்போவின் புரூஸ்டர் சாலையில், இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவில், சாதாரண மருத்துவராக உட்கார்ந்தார். போராளி சிபில் கார்த்திகேசு தம் கணவரோடு மருந்தகம் நடத்தியதும் இதே சாலையில்தான். ஜப்பானியர் ஆட்சியில், 1943-இல், வூவைக் கடத்திப் பணம் பறித்த கும்பலும் உண்டு. அதற்குப் பிறகும் அவர் ஈப்போவை விட்டுப் போகவில்லை. போர் முடிந்த பிறகு நன்கொடை திரட்டி, ஈப்போவில் பேராக் நூலகம் அமைய வழிசெய்தார். பிற்காலத்தில் துன் ரசாக் நூலகமாக மாறியது அதுதான். எஸ்.டி.பி.எம். தேர்வுக்கு லகாட்டிலிருந்து பஸ் ஏறிப் போய் நான் படித்ததும் அங்கேதான்.

1959-இல் தம் தன்வரலாற்றை வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள், பினாங்கில், தம் 80-ஆவது வயதில் காலமானார். ஈப்போ கார்டனில் ஒரு சாலைக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.