கிராமிய இசையைக் கைவிடாத மேதை
குரோஷிய இசையமைப்பாளர் கொதோவாட்ஸ்

ஆணும் பெண்ணும் கைகோத்து வட்டமாக ஆடும் ஆட்டத்துக்குக் குரோஷியாவில் 'கோலோ' என்று பெயர். கிராமத்து மக்களின் அந்த ஆட்டத்தை ஐரோப்பாவின் பெரிய இசையரங்குகளுக்குக் கொண்டு சென்றவர் யாகோவ் கொதோவாட்ஸ்.

1895 அக்டோபர் 11-ம் தேதி ஸ்பிலிட் என்ற துறைமுக நகரில் பிறந்தார். சட்டம் படிக்கப் போனவரை இசை இழுத்துக் கொண்டது. 1920-ல் வியன்னா சென்று ஜோசப் மார்க்ஸ் என்ற ஆசிரியரிடம் பயின்றார். அதே நகர வட்டாரத்தில்தான் அப்போது ஷோன்பெர்க், பழைய சுர உறவுகளை உடைத்துப் பன்னிரு சுர முறையை உருவாக்கி வந்தார். இளம் கொதோவாட்ஸ் அந்தப் பக்கம் சாயவில்லை. ஊர் திரும்பி, 1923 முதல் ஜாக்ரெப் தேசிய நாடக அரங்கில் இசை நடத்துநராகச் சுமார் 35 ஆண்டுகள் பணியாற்றினார்.

வானத்திலிருந்து விழுந்தவன்

1926-ல் 'சிம்பனி கோலோ' அவருக்குப் புகழ் தந்தது. 1935 நவம்பர் 2-ல் 'மறு உலகத்து ஏரோ' என்ற இசை நாடகம் ஜாக்ரெப்பில் அரங்கேறியது. கதை வசனம் மிலான் பெகோவிச். பணக்கார வாலிபன் ஒருவன் ஏழை வேடமிட்டு, மறு உலகத்திலிருந்து விழுந்ததாகக் கதை விடுகிறான். காதலியின் சிற்றன்னையோ, இறந்துபோன தன் முதல் கணவனுக்குச் சேர்ப்பிக்கும்படி அவனிடம் பணமே கொடுத்தனுப்புகிறாள்! ஏழை என்று நினைத்தும் பெண் தன்னை விரும்புகிறாளா என்று அறியவே அவன் போட்ட வேடம் அது. முடிவில் ஊரே கூடிக் கோலோ ஆடுகிறது.

நாட்டுப்பாடல்களை அவர் அப்படியே எடுத்து வைத்தது குறைவு. பெரும்பாலும் அவற்றின் சாயலில் புதிதாகவே மெட்டமைத்தார். குறுகிய மெட்டு, துள்ளும் தாளம், ஒருமுறை கேட்டாலே மனதில் நிற்கும் தெளிவு இவையே அவரது பாணி.

காலம் திரும்பியது

1961-ல் ஜாக்ரெப்பில் புத்திசை விழா தொடங்கியது. மின்னணு ஒலிகளும் புதுப்புது சோதனைகளும் மேடையேறின. அந்த அளவுகோலில் கொதோவாட்ஸ் பழைய காலத்தவரானார். ஆனாலும் தம் வழியை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

1970-களில் காற்று திசை மாறியது. பின்நவீனத்துவம் என்ற பெயரில், ஒதுக்கப்பட்ட இனிய சுரங்களும் பழைய மரபுகளும் திரும்பி வந்தன. 1976-ல் போலந்தின் குரெட்ஸ்கி எழுதிய மூன்றாம் சிம்பனி இதற்கு ஒரு சான்று.

அதனால் கொதோவாட்ஸைப் பின்நவீனத்துவத்தின் முன்னோடி எனலாமா? கூடாது. அவர்கள் நவீனத்தைக் கடந்து மரபுக்குத் திரும்பியவர்கள். சிலர் பழமையைச் சற்றுத் தள்ளி நின்று, கேலிப் புன்னகையோடும் கையாண்டார்கள். கொதோவாட்ஸோ வீட்டை விட்டு வெளியேறவே இல்லை. அவருக்கு அது பழமையாகத் தோன்றவும் இல்லை. ஆயினும், எளிமையான இசை தாழ்ந்த இசை என்ற எண்ணம் தளர்ந்ததால், அவரது இசையைக் கூச்சமின்றி மதிப்பிட வழி பிறந்தது.

1982 அக்டோபர் 16-ல், 87-வது பிறந்த நாள் கழிந்த ஐந்தாம் நாள், ஜாக்ரெப்பில் காலமானார். குரோஷிய இசை நாடகங்களில் மிக அதிகமாக மேடையேறியது என்ற பெருமை 'ஏரோ'வுக்கே உரியது.