ஹாப்கின் என்ற நிரபராதி

அதிகாலையில் போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்பில் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டுக்கு அப்பாலுள்ள ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளிக்கு அரிவாள் வெட்டுக் காயம் படுவது புதிதன்று. காயம் பட்டவர் அதே மலைப்பாதையில் கீழிறங்கி, வைத்தியசாலையில் ரண ஜன்னி வாராதிருக்க ஊசி போட்டுக்கொள்கிறார். ஊசி போடுபவரின் கையும் கருவியும் சுத்தமாயிருக்கும் என்ற நம்பிக்கை ஒன்றே அவருக்குத் துணை. அந்த நம்பிக்கை ஒரு கணத்தில் சிதைந்தால் விளைவு யாது, பழி யார் தலையில் விழும் என்பதை அறிய வேண்டுவோர், இந்தியாவுக்குத் தம் வாழ்நாளில் பல ஆண்டுகளை ஈந்த வால்டெமார் ஹாப்கினின் சரித்திரத்தை அறிதல் நலம்.

ஹாப்கின் 1860-ம் ஆண்டு மார்ச்சு 15-ல் ஒடெஸ்ஸா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். மாணவராயிருக்கும்போதே ஜார் ஆட்சியை எதிர்த்துச் சிறை கண்டார். மதம் மாறினால் கல்லூரிப் பதவி கிட்டும் என்ற நிலையிலும் மாற மறுத்தார். ரஷ்யாவை விட்டு நீங்கிய அவருக்குப் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் முதலில் கிடைத்தது நூலகப் பணியே. ஓய்ந்த நேரத்தில் ஆராய்ச்சி செய்து, காலராத் தடுப்பு மருந்தைக் கண்டார். 1892 ஜூலை 18-ல் அதைத் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். மறு ஆண்டே கல்கத்தாவுக்கு வந்தார். சேரிகளில் ஜனங்கள் ஐயுற்றபோது, வற்புறுத்தவில்லை. தாமும் தம்முடன் உழைத்த வங்காளி டாக்டர்களும் முதலில் ஊசி போட்டுக்கொண்டு காட்டினர்.

1896-ல் பம்பாயில் பிளேக் தோன்றியது. அரசாங்கம் சோல்ஜர்களை ஏவி வீடுகளைச் சோதனையிட்டது. அதனால் மூண்ட கோபத்தில், 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்டு புனாவில் சுடப்பட்டதை நம் நாட்டார் மறக்கவில்லை. அதே ஆண்டு ஜனவரி 10-ல் ஹாப்கின், தாம் புதிதாய்க் கண்ட பிளேக் மருந்தைத் தம் தேகத்தில் செலுத்திக்கொண்டிருந்தார். பிறர் தேகத்தைத் தொடுமுன் தம் தேகத்தைப் பணயம் வைத்தவர் அவர். பிளேக் பம்பாயோடு நிற்கவில்லை. போடிக்கு அருகிலுள்ள கம்பம் பள்ளத்தாக்கிலும் அது வேரூன்றியது. அங்கு நடந்த ஆராய்ச்சியின் அறிக்கை 1934-ல் வெளியாயிற்று.

1902 அக்டோபர் 30-ல் பஞ்சாபில், இன்று பாகிஸ்தானிலுள்ள மல்கோவால் கிராமத்தில், 107 பேருக்குப் பிளேக் ஊசி போடப்பட்டது. அவர்களில் 19 பேர் ரண ஜன்னி கண்டு மாண்டனர். மாண்ட 19 பேருக்கும் மருந்து ஒரே புட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. மற்றப் புட்டிகளின் மருந்தைப் பெற்ற ஒருவருக்கும் தீங்கில்லை.

அரசாங்கத்தின் சந்தேகம் ஹாப்கின் மேல் பாய்ந்தது. மருந்தில் கார்பாலிக் திராவகம் சேர்க்கும் பழைய முறையை விட்டு, உஷ்ணத்தால் கிருமி நீக்கும் முறையை அவர் கைக்கொண்டிருந்ததே குற்றமாகக் காட்டப்பட்டது. அவர் பணியினின்று விலக்கப்பட்டார். உண்மையோ வேறாக இருந்தது. அந்தப் புட்டியைத் திறக்கும்போது உதவியாளர் கையிலிருந்த குறடு தரையில் விழுந்திருந்தது. அதை முறைப்படி தீயில் காட்டாமல், கார்பாலிக் நீரில் அலசிவிட்டு மீண்டும் உபயோகித்தனர். ரண ஜன்னிக் கிருமி மண்ணில் வித்தாக உறைந்து கிடப்பது. அந்த வித்து இத்தகைய அலசலுக்கு மாளாது. லண்டன் லிஸ்டர் நிலையத்தார் ஆராய்ந்து, தீட்டு ஆய்வுக்கூடத்தில் அன்று, புட்டி திறக்கப்பட்ட இடத்திலேயே நேர்ந்திருக்க வேண்டும் என்று கருதினர். மலேரியாவின் மர்மத்தை வெளியாக்கிய ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் 1907-ல் பத்திரிகை வாயிலாக வாதாடினர். அவ்வாண்டு முடிவதற்குள் ஹாப்கின் நிரபராதி எனப்பட்டார்.

அவர் மனக்கசப்புடன் இந்தியாவைத் துறந்துவிடவில்லை. மீண்டும் கல்கத்தாவுக்கு வந்து ஓய்வு பெறும்வரை உழைத்தார். பம்பாயில் அவர் நிறுவிய ஆய்வுக்கூடத்துக்கு 1925-ல் அவர் பெயரே இடப்பட்டது. 1930 அக்டோபர் 26-ல் ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார்.

ஹாப்கின் குற்றமற்றவர் என்பதோடு இச்சரித்திரம் முடியுமா? பழியை மேலிருப்பவரிடமிருந்து இறக்கிக் கீழிருக்கும் உதவியாளர் தலையில் வைத்தால் நீதி நிறைவேறியதாகாது. கூட்டம் காத்திருக்கக் குறடு கீழே விழும். அது மனித இயல்பு. விழுந்ததை உடனே ஒதுக்கி வேறொன்றை எடுக்க, இரண்டாவது கருவி அருகில் இருந்தாக வேண்டும். கொதிநீர், தீ, நிதானமாய்ச் செய்ய நேரம் ஆகியவையும் இருந்தாக வேண்டும். கருவிக்கு உள்ள விதியே கைக்கும். 1847-லேயே வியன்னாவில் ஸெம்மெல்வைஸ், டாக்டர்கள் கை கழுவாமையே பிரசவித்த தாய்மார் மாளக் காரணம் என்று காட்டினார். 2009-ல் உலக சுகாதார ஸ்தாபனம் கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்களை வகுத்தது. நோயாளியைத் தொடுமுன், சுத்தமான சிகிச்சைக்கு முன், உடல் நீர் பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சூழ்ந்த பொருள்களைத் தொட்டபின் என்பன அவை. ஐந்தையும் மனப்பாடம் செய்வது எளிது. குழாயில் நீர் வாராத வைத்தியசாலையில் அவற்றை நிறைவேற்றுவது எங்ஙனம்?

ஆகவே தேசத் தொண்டர்களுக்கு நாம் கூற விரும்புவது ஒன்று. மலைச் சரிவிலும் அடிவாரத்திலும் புதிய வைத்தியசாலைகள் வேண்டும் என்று கேட்பது நன்றே. அத்துடன், இருக்கும் வைத்தியசாலைகளுள் நுழைந்து, கை கழுவும் தொட்டியில் நீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா, கருவிகளைக் கொதிக்கவைக்கும் கலம் வேலை செய்கிறதா, ஒரு நர்ஸ் எத்தனை நோயாளிகளைக் கவனிக்க வேண்டியிருக்கிறது என்றும் கேளுங்கள். பெரிய ஆய்வுக்கூடத்தில் பிறக்கும் மருந்து, கடைசியில் ஒரு சிறிய ஊழியரின் கை வழியாகவே ஏழையின் உடலை அடைகிறது. அக்கை சுத்தமாயிருக்க வகை செய்யாமல், பிழை நேர்ந்தபின் குற்றவாளியைத் தேடும் ஆட்சி, எந்நிறத்தவர் நடத்தினாலும் அந்நிய ஆட்சியே.